போர்டு மாற்றியதும் லைசென்ஸ் எங்கே போனது?

பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் டிடிபி கடைக்கார அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பழக்கம். ஐப்பசி மழையில் இடி இறங்கி அவருடைய கணினியின் மதர்போர்டு, அதாவது மற்ற பாகங்களையெல்லாம் இணைக்கும் தாய்ப்பலகை, போய்விட்டது. அந்தப் பழைய மாடல் கடைகளில் கிடைக்கவில்லை. போர்டு மாறினால் அதற்கேற்ற பிராசஸர், அதற்கேற்ற ரேம் என்று மூன்றையும் மாற்ற வேண்டி வந்தது. விண்டோஸும் கோப்புகளும் இருக்கும் எஸ்எஸ்டி மட்டும் பழையது. அதைப் புதிய போர்டில் மாட்டியதும் விண்டோஸ் எழுந்து வந்தது. அவருடைய எழுத்துருக்கள் இருந்தன, பாதியில் நின்ற பத்திரிகை வேலையும் அப்படியே இருந்தது. கூடவே, திரையின் வலது கீழ் மூலையில் மங்கலான சாம்பல் நிறத்தில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்ற எழுத்தும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"தம்பி, போர்டு மாத்துனதுல இருந்து இந்த எழுத்து போக மாட்டேங்கு. நான் காசு கொடுத்துதானே வாங்குனேன்? பில்லு கூட இருக்கு" என்றார்.

அதற்குள் மூன்று பேர் அவருக்கு மூன்று விதமாகச் சொல்லியிருந்தார்கள். உங்களுடையது திருட்டு விண்டோஸ், அதனால்தான் பிடித்துவிட்டது என்றார் ஒருவர். எல்லாவற்றையும் அழித்து ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். பழைய லைசென்ஸ் செத்துவிட்டது, சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் புதுச் சாவி வாங்கித் தருகிறேன் என்றார் மூன்றாமவர். மூன்றுமே தவறு. இரண்டாவதைச் செய்திருந்தால் பல வருட வேலை போயிருக்கும். ஆக்டிவேஷன் என்பது உள்ளே எப்படி நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் இப்படி ஆளுக்கொன்று சொல்வதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. விண்டோஸை வைத்தே விளக்குகிறேன். பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சிக்கல் அங்கேதான் வருகிறது, மற்ற மென்பொருள்களும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடக்கின்றன.

உரிமம், சாவி, ஆக்டிவேஷன்

இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

எழும்பூரிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த வண்டியில் போவதற்கு உங்களுக்கு ஓர் உரிமை கிடைத்திருக்கிறது. அந்த உரிமையைக் குறிக்கப் பத்து இலக்க பிஎன்ஆர் எண் ஒன்று தருகிறார்கள். வண்டி கிளம்பிய பிறகு டிடிஆர் வந்து, பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்து, அடையாள அட்டையில் உங்கள் முகத்தைப் பார்த்து, டிக் அடித்துவிட்டுப் போகிறார்.

மென்பொருளிலும் இதே மூன்றுதான். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது உரிமம், அதாவது லைசென்ஸ்: இந்த மென்பொருளை இன்ன நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்ற அனுமதி. பெட்டியின் மேலோ மின்னஞ்சலிலோ வருகிற 25 எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை சாவி, அதாவது புராடக்ட் கீ. அது பிஎன்ஆர் மாதிரி. அந்தச் சாவியைப் பயன்படுத்துவது அனுமதி பெற்ற கணினிதானா என்று நிறுவனத்தின் சர்வர் சரிபார்த்து டிக் அடிப்பது ஆக்டிவேஷன்.

பிஎன்ஆர் எண்ணைப் பத்துப் பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பத்துப் பேரும் ஒரே பெர்த்தில் படுக்க முடியாது. டிடிஆர் வருவதே அதற்காகத்தான். ஒரு சாவியைப் பத்துக் கணினியில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக வந்ததுதான் ஆக்டிவேஷன்.

அண்ணாச்சிக்கு என்ன நடந்தது என்று இப்போதே சொல்லிவிடலாம். அவருடைய டிக்கெட் செல்லும், பிஎன்ஆரும் சரி. டிடிஆர் நிமிர்ந்து பார்த்தபோது முகம் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அவர் திருடர் என்று விண்டோஸ் எந்த இடத்திலும் சொல்லவில்லை. அந்த எழுத்து இருக்கும்வரை திரைப் பின்னணி, நிறம் போன்ற சில அமைப்புகளை மாற்ற விடாது. நிரல்கள் ஓடும், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் அவசரப்பட்டு எதையும் அழிக்க வேண்டாம்.

கணினிக்கும் உண்டு அங்க அடையாளம்

கணினிக்கு ஏது முகம்? இதுதான் விஷயத்தின் மையம்.

நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் என்று இரண்டு வரி இருக்கும். 'வலது முழங்கையில் ஒரு மச்சம்', 'இடது புருவத்தில் ஒரு தழும்பு' என்று ஆசிரியர் நம்மை அருகில் அழைத்துப் பார்த்து எழுதியிருப்பார். பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிற இரண்டு பேரைப் பிரித்துக் காட்ட அந்த மச்சம் போதும்.

கணினிக்குள்ளும் அப்படி நிறைய மச்சங்கள் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்குக்கோ எஸ்எஸ்டிக்கோ தொழிற்சாலையில் பதித்த வரிசை எண் உண்டு. கம்பியோ வைஃபையோ, வலைப்பின்னலில் சேர்க்கிற பாகத்துக்கு மேக் முகவரி என்று ஓர் எண் உண்டு. மதர்போர்டுக்குத் தன் வரிசை எண்ணும், அதன் உள்மென்பொருளில் பதிந்த இன்னொரு நீளமான அடையாள எண்ணும் உண்டு. பிராசஸர் இன்ன வகை, ரேம் இவ்வளவு என்பதும் அடையாளம்தான். ஆக்டிவேஷன் நடக்கிற முதல் நாளில் விண்டோஸ் இந்த மச்சங்களைப் பார்த்து ஒரு குறிப்பு எழுதி, உரிமத்தோடு சேர்த்து சர்வரில் பதிந்துவிடுகிறது. அந்தக் குறிப்புக்கு வன்பொருள் அடையாளம் என்று பெயர்.

நம் கணினியின் எண்களையெல்லாம் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்களா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எண்கள் அப்படியே போவதில்லை. ஹாஷ் என்ற ஒரு கணக்கு வழியாக அரைத்துத்தான் அனுப்பப்படுகின்றன. அரிசியும் உளுந்தும் போட்டு மாவு அரைக்கிறோம். அளவு மாறினால் மாவின் பதமே சொல்லிவிடும். ஆனால் மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஹாஷும் ஒருவழிப் பாதை. அதே எண்ணை மறுபடி அரைத்தால் அதே விடை வரும் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

எல்லா எண்களையும் ஒரே கல்லில் போட்டு அரைத்தால் ஒரு பாகம் மாறினாலே மொத்த விடையும் மாறிவிடும். அதனால் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக அரைத்து அடுத்தடுத்து வைக்கிறார்கள். அப்போதுதான் 'மூன்று மச்சம் மாறியிருக்கிறது, ஏழு அப்படியே இருக்கிறது, ஆகவே அதே ஆள்தான்' என்று சொல்ல முடியும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: உரிமம் சர்வரில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவோடு உங்கள் கணினியின் அங்க அடையாளங்களும் இருக்கின்றன. விண்டோஸ் அவற்றை அவ்வப்போது இப்போதைய கணினியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. போதுமான அளவு பொருந்தினால் நமக்கு ஒன்றும் தெரியாது. பொருந்தாவிட்டால் மூலையில் எழுத்து வரும்.

எத்தனை மச்சம் மாறலாம்?

இதற்கு ஒரு காலத்தில் வெளிப்படையான கணக்கே இருந்தது. 2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதுதான் வீட்டுக் கணினிகளுக்கு ஆக்டிவேஷன் பரவலாக வந்தது. அன்று பத்து அடையாளங்களைப் பார்த்தார்கள். திரைக்கான அட்டை, ஹார்ட் டிஸ்க், அதைக் கட்டுப்படுத்தும் சில்லு, சிடி டிரைவ், வலைப்பின்னல் அட்டை, பிராசஸர், ரேம் அளவு என்று போகும் அந்தப் பட்டியல். வலைப்பின்னல் அட்டை மாறாமல் இருந்தால் மற்றவற்றில் ஆறோ அதற்கு மேலோ மாறினால்தான் திரும்ப ஆக்டிவேட் செய்யச் சொல்லும். அந்த அட்டையே மாறியிருந்தால் அதையும் சேர்த்து நான்கு மாற்றம் போதும். வலைப்பின்னல் அட்டைக்கு அவ்வளவு எடை, ஏனென்றால் மேக் முகவரி ஒன்றுபோல் இன்னொன்று இருக்கக் கூடாது என்று வகுத்துத் தரப்படுவது.

இந்தப் பழைய கணக்கை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைய கணினிகளில் வலைப்பின்னல் அட்டை தனியாக ஒரு பலகையாக இருந்தது. மதர்போர்டை மாற்றினாலும் அந்த அட்டையைக் கழற்றிப் புதியதில் செருகிக்கொள்ளலாம். அதனால் போர்டு மாற்றியும் பலருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. 'நான் அந்தக் காலத்தில் எத்தனை போர்டு மாற்றியிருக்கேன், எதுவும் வரலையே' என்று மூத்த மெக்கானிக்குகள் சொல்வது பொய்யில்லை.

இன்றைய மதர்போர்டில் அந்த அட்டை போர்டிலேயே வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஒலிக்கான சில்லு, சேமிப்பகத்தைக் கட்டுப்படுத்தும் சில்லு, உள்மென்பொருளின் அடையாள எண், டிபிஎம் எனப்படும் பாதுகாப்புச் சில்லு எல்லாம் அதே பலகையில்தான். பெயருக்கு ஒரு பாகம் மாறியது போலத் தெரிந்தாலும், உண்மையில் ஒரே மூச்சில் அஞ்சாறு மச்சம் அழிந்துபோகிறது. அண்ணாச்சிக்குப் பிராசஸரும் ரேமும் சேர்ந்து மாறியதால் பழைய அடையாளத்தில் மிஞ்சியது எஸ்எஸ்டி ஒன்றுதான். மதர்போர்டு மாறிய கணினியை விண்டோஸ் கிட்டத்தட்டப் புதுக் கணினியாகவே பார்ப்பது இதனால்தான். இன்றைய விண்டோஸில் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு எடை என்ற கணக்கை மைக்ரோசாஃப்ட் வெளியிடுவதில்லை. ஆனால் மதர்போர்டைப் பெரிய மாற்றம் என்று தன் உதவிப் பக்கங்களிலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

மற்ற பாகங்களைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. ரேம் கூட்டுங்கள், கிராபிக்ஸ் கார்டு போடுங்கள், இரண்டாவது எஸ்எஸ்டி சேருங்கள், பவர் சப்ளை மாற்றுங்கள். ஆக்டிவேஷன் பொதுவாக அசையாது. விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கையே மாற்றி, அதே போர்டில் புதிதாக விண்டோஸ் போட்டாலும் கவலையில்லை. நிறுவும்போது சாவி கேட்கும் இடத்தில், சாவி இல்லை என்கிற வரியைத் தேர்ந்தெடுங்கள். ஹோம் இருந்த இடத்தில் ஹோம், புரோ இருந்த இடத்தில் புரோ என்று அதே பதிப்பைப் போட்டுவிட்டு இணையத்தோடு இணைத்தால், சர்வர் பழைய குறிப்பைப் பார்த்துத் தானாக டிக் அடித்துவிடும். இது தெரியாமல் எஸ்எஸ்டி மாற்றும்போதெல்லாம் புதுச் சாவிக்குக் காசு கொடுக்கிறவர்களைப் பார்க்கையில் எனக்கு மனம் கஷ்டமாக இருக்கும்.

2016க்குப் பிறகு வந்த நல்ல மாற்றம்

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியானபோது, விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு அதை இலவசமாகத் தந்தார்கள். அவர்களில் யாருக்கும் தனிச் சாவி தரவில்லை. கணினியின் வன்பொருள் அடையாளத்தையே சர்வரில் பதிந்து, 'இந்தக் கணினிக்கு உரிமம் உண்டு' என்று எழுதிவைத்தார்கள். சாவியில்லாமல் சர்வரில் மட்டும் இருக்கும் இந்தப் பதிவுக்கு டிஜிட்டல் லைசென்ஸ் என்று பெயர்.

சாவி தேவையில்லை என்பது வசதிதான். ஆனால் போர்டு மாறினால் 'நான்தான் அந்தக் கணினி' என்று நிரூபிக்கக் கையில் ஒரு சீட்டும் இருக்காது. இதற்கு வழி 2016 ஆகஸ்டில் வந்த பதிப்பில் கிடைத்தது. டிஜிட்டல் லைசென்ஸை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அன்றுவரை சர்வருக்குக் கணினியின் மச்சங்கள் மட்டும்தான் தெரியும். அன்று முதல் ஆளும் தெரியும். 'ஐயா, மச்சம் மாறிவிட்டது, ஆனால் இது என் வண்டிதான்' என்று உரிமையாளர் கையெழுத்துப் போட்டுச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது.

இணைந்திருக்கிறதா என்று பார்க்க, செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் என்ற பக்கத்துக்குப் போங்கள். விண்டோஸ் 10இல் அது அப்டேட் அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குள் இருக்கும். டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று மட்டும் இருந்தால் இணையவில்லை. 'உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்த டிஜிட்டல் லைசென்ஸ்' என்ற பொருளில் வரி நீண்டிருந்தால் இணைந்திருக்கிறது. கணினி நன்றாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். போர்டு செத்த பிறகு இணைக்க வழியில்லை.

சுருக்கமாகச் சொன்னால், சிக்கலுக்கு முக்கியமான காரணம் மதர்போர்டு. அது மாறியும் உரிமத்தை மீட்டுக் கொடுப்பது கணக்கு இணைப்பு. ஆனால் உங்களிடம் இருப்பது எந்த வகை உரிமம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த மீட்பு நடக்கும்.

எந்த வகை டிக்கெட் உங்களிடம் இருக்கிறது?

தனியாகக் கடையிலோ இணையத்திலோ வாங்கியது ரீடெயில் உரிமம். அது உங்களுக்குச் சொந்தம். பழைய கணினியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போடலாம், ஒரே நேரத்தில் இரண்டில் இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. போர்டு மாற்றினாலும் மொத்தக் கணினியையே மாற்றினாலும் உரிமம் உங்களோடு வரும்.

லேப்டாப் வாங்கும்போது அதோடு வருவது ஓஇஎம் உரிமம். இது அந்த இயந்திரத்தோடு பிறந்து அதோடு போவது. விண்டோஸ் 8 வந்த 2012 முதல் பெரும்பாலான லேப்டாப்களில் சாவி மதர்போர்டின் உள்மென்பொருளிலேயே பதிந்து வருகிறது. அதனால்தான் இப்போது அடியில் சாவி அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டி வருவதில்லை. பழுதாகிப் போர்டு மாற்றினால் ஓஇஎம் உரிமம் தொடரும் என்பது விதி. வேகம் வேண்டுமென்று நாமாகப் பெரிய போர்டு போட்டால் அது புதுக் கணினி, புது உரிமம் வேண்டும். ஆகவே லேப்டாப்பில் போர்டு பழுதானால் தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்திலேயே மாற்றுவது நல்லது. புதிய போர்டில் சாவியைப் பதித்தீர்களா, விண்டோஸ் ஆக்டிவேட் ஆகிறதா என்று அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் அலைச்சல்தான்.

மூன்றாவது வால்யூம் உரிமம். கல்லூரி, அலுவலகம் போன்ற இடங்களுக்கு மொத்தமாகத் தருவது. இதில் கேஎம்எஸ் என்ற முறை பரவலானது. அந்த நிறுவனத்துக்குள்ளேயே ஒரு சர்வர் இருக்கும், கணினிகள் அதனிடம் டிக் வாங்கிக்கொள்ளும். அந்த டிக் 180 நாளுக்குத்தான் செல்லும். அலுவலக வலைப்பின்னலுக்குள் இருக்கிற கணினி அதற்குள் தானாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் தங்கள் வீட்டுக் கணினியில் இந்த மூன்றாவது வகையைப் பார்க்க நேரிடும். பார்க்கும் வழி இது. விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ஒட்டினாற்போல டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சில நொடியில் ஒரு சிறு சாளரம் திறக்கும். அதன் இரண்டாவது வரியில் ரீடெயில், ஓஇஎம், வால்யூம் என்ற மூன்றில் ஒன்று இருக்கும். வீட்டுக்கென்று அசெம்பிள் செய்த கணினியில் வால்யூம் என்றும் கேஎம்எஸ் என்றும் வந்தால், உங்கள் பெயரில் உரிமம் எதுவும் வாங்கப்படவில்லை என்று பொருள். எங்கோ இருக்கும் போலிச் சர்வரிடம் டிக் வாங்க வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டதைப் போர்டு மாற்றிய பிறகு மீட்க முயல்வது வீண் வேலை, மீட்க அங்கே ஒன்றும் இல்லை. அந்தப் போலி டிக்குக்காக நிறுவுகிற நிரல்களில் வைரஸ் ஒளிந்து வருவதும் சாதாரணம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாவிகளையும் இதே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிறுவனங்களுக்குக் கொடுத்த மொத்தச் சாவியைச் சில்லறையாக விற்பது அவற்றில் நிறைய. இன்று ஆக்டிவேட் ஆகும். ஒரே சாவி எண்ணிக்கைக்கு மேல் பயன்பட்டதை மைக்ரோசாஃப்ட் கவனிக்கிற நாளில் முடக்கப்படும். அடுத்த முறை போர்டு மாற்றினால் வாங்கிய இடத்தில் பதில் சொல்ல ஆள் இருக்காது. ரீடெயில் விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பத்து வருடத்துக்கு மூன்று கணினி மாறிக் கூட வரும்.

மீட்கும் வழி

உரிமம் சரியானது, கணக்கும் இணைந்திருக்கிறது என்றால் மீட்பு பத்து நிமிட வேலை. நிர்வாகி உரிமையுள்ள பயனராக நுழைந்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட் பொத்தானை அழுத்துங்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முடியவில்லை என்று சொல்லும். பலர் இங்கே மனம் விட்டுவிடுகிறார்கள். அதற்குக் கீழே, 'சமீபத்தில் வன்பொருள் மாற்றினேன்' என்ற பொருளில் சின்ன எழுத்தில் ஓர் இணைப்பு இருக்கும், அதுதான் வாசல். அதைத் தொட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் உங்கள் பெயரில் உள்ள கணினிகளின் பட்டியல் வரும். பழைய கணினியின் பெயரைத் தேர்ந்து, இப்போது நான் பயன்படுத்துவது இதுதான் என்ற கட்டத்தில் டிக் அடித்து, ஆக்டிவேட் கொடுக்க வேண்டும்.

பட்டியலில்தான் பலர் தடுமாறுகிறார்கள். யாரும் கணினிக்குப் பெயர் வைப்பதில்லை. அதனால் 'டெஸ்க்டாப்' என்று தொடங்கி ஏழு குழப்பமான எழுத்தில் முடியும் பெயர்கள் மூன்று நான்கு நிற்கும். இப்போதே செட்டிங்ஸில் அபவுட் பக்கத்துக்குப் போய் 'கடை-கணினி', 'வீட்டு-மேசை' என்று அர்த்தமுள்ள ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துவிடுங்கள்.

இது பலிக்காமல் போகவும் காரணங்கள் உண்டு. பழையதில் ஹோம் இருந்து, புதியதில் புரோ போட்டிருந்தால் பொருந்தாது. திரும்பத் திரும்ப மீட்பதற்கு ஒரு வரம்பும் உண்டு. ரீடெயில் சாவி கையில் இருந்தால் அதே பக்கத்தில் சாவியை நேரடியாக அடித்துப் பார்க்கலாம். அதுவும் நடக்கவில்லையென்றால் பில்லோடு மைக்ரோசாஃப்ட் உதவி மையத்தைத் தொடர்பு கொள்ளுங்கள். நியாயமான உரிமம் என்றால் கேட்பதில் தயக்கம் வேண்டாம். விண்டோஸ் 7 காலத்துச் சாவியை அடித்து 10ஐயோ 11ஐயோ ஆக்டிவேட் செய்கிற பழைய வழியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அதை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள்.

நீலத்திரை கேட்கும் 48 எண்கள்

ஆக்டிவேஷனோடு பலர் குழப்பிக்கொள்கிற இன்னொன்று இருக்கிறது. அதைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆக்டிவேஷனில் தவறினால் மூலையில் எழுத்து வரும், காசு போகலாம். இதில் தவறினால் புகைப்படம், கணக்கு, ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் போய்விடும்.

என் தங்கையின் லேப்டாப்பில் வாரண்டியில் போர்டு மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து திறந்தால், விண்டோஸே வரவில்லை. நீலத்திரையில் பிட்லாக்கர் என்ற தலைப்பு, கீழே 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும் பெட்டி. "அண்ணா, நான் எந்த பாஸ்வேர்டும் வைக்கவே இல்லையே" என்று அழாத குறை.

அவள் வைக்கவில்லை, விண்டோஸ் வைத்திருந்தது. இன்றைய பெரும்பாலான லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே டிஸ்க் முழுவதும் தானாகப் பூட்டப்படுகிறது. டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி, சாவி இல்லாதவருக்குப் படிக்க முடியாதபடி ஆக்குவதற்குக் குறியாக்கம் என்று பெயர். அதைச் செய்கிற விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர். அந்தப் பூட்டின் சாவியை டிபிஎம் சில்லு வைத்திருக்கும். தினமும் கணினியைப் போட்டதும் டிபிஎம் சுற்றிப் பார்த்து, எல்லாம் வழக்கம்போல இருந்தால் சத்தமில்லாமல் திறந்துவிடும். நமக்குப் பூட்டு இருப்பதே தெரியாது. போர்டு மாறினால் டிபிஎம்மும் அதோடு போய்விடுகிறது. புதிய போர்டில் இருக்கிற டிபிஎம்முக்கு அந்தச் சாவி தெரியாது. அப்போது மாற்றுச் சாவியாகக் கேட்பதுதான் ஆறாறு எண்ணாக எட்டுக் கூட்டம், மொத்தம் 48.

தங்கையின் கணக்கில் கைப்பேசி வழியாக நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் மீட்பு எண்களைத் தேடினோம். அங்கே இரண்டு எண்கள் இருந்தன. நீலத்திரையில் காட்டும் அடையாள வரிசையின் முதல் எட்டு எழுத்தும் கணக்கில் உள்ளதும் ஒன்றாக இருக்கிற எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அவள் எண்களைப் படிக்க, நான் ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசி எண்ணை அடித்ததும் திரை மாறி, அவளுடைய முகப்புப் படம் வந்தது. அந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு முழுவதும் யோசித்தேன். மீட்பு எண் இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்டே நினைத்தாலும் திறக்க முடியாது. பூட்டு அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

அதனால் போர்டு மாற்றக் கொடுக்கும் முன், கணினி இன்னும் ஓடுகிற நிலையில் இருந்தால், அந்த 48 எண்ணைத் தாளில் எழுதிவிடுங்கள். எழுதியதை இன்னொருவரைப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள். கூடவே கோப்புகளுக்கு ஒரு நகல். இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

மற்ற மென்பொருள்கள்

விண்டோஸ் ஒழுங்கானதும் அடுத்து மற்றவை வரிசையாகக் கேட்கத் தொடங்கும். அவற்றை இரண்டு விதமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஆளைப் பார்ப்பவை முதல் விதம். மைக்ரோசாஃப்ட் 365, அடோபியின் மாதச் சந்தா மென்பொருள்கள் போன்றவை. இவற்றில் உங்கள் கணக்கில் நுழைந்தாலே உரிமம் வந்துவிடும். எத்தனை கணினி என்ற வரம்பு மட்டும் உண்டு. மைக்ரோசாஃப்ட் 365இல் ஒரே நேரத்தில் ஐந்து சாதனம், அடோபியில் இரண்டு கணினி. போர்டு மாற்றிய கணினியை இவை புதுக் கணினியாக எண்ணினால், கணக்குப் பக்கத்துக்குப் போய்ப் பழையதை வெளியேற்றினால் போதும்.

இயந்திரத்தைப் பார்ப்பவை இரண்டாவது விதம். நம்மூர் வணிகர்களும் ஆடிட்டர் அலுவலகங்களும் வரவு செலவுக் கணக்கு எழுதப் பயன்படுத்துகிற டேலி இதில் வரும். இதில் உரிமத்தை ஒப்படைப்பது என்ற ஒரு படி இருக்கிறது. லைசென்ஸ் பகுதியில் சரண்டர் என்று இருக்கும். கணினியை மாற்றும் முன்போ ஃபார்மேட் அடிக்கும் முன்போ அதைக் கொடுத்தால், உரிமம் சர்வருக்குத் திரும்பிவிடும். பிறகு புதிய இயந்திரத்தில் அதே எண்ணைப் போட்டு ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி இது. கொடுக்காமல் போனால், அந்த வீட்டில் ஆள் இருப்பதாகவே அவர் எண்ணிக்கொண்டிருப்பார். போர்டு திடீரென்று செத்து, ஒப்படைக்க முடியாமல் போயிருந்தால், வாங்கிய எண்ணையும் பில்லையும் வைத்து அவர்களுடைய உதவி மையத்தில் கேட்க வேண்டியதுதான். நகைக்கடை பில்லை வைப்பது போல மென்பொருள் பில்லையும் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அண்ணாச்சி கடையில்

அண்ணாச்சியின் கணினியில் அந்தக் கட்டளையை அடித்ததும் ரீடெயில் என்று வந்தது. பாதிக் கவலை அங்கேயே போயிற்று. ஆனால் ஆக்டிவேஷன் பக்கத்தில் கணக்கு எதுவும் தெரியவில்லை. அவர் எப்போதும் கடையின் பெயரில் உள்ள பயனராகத்தான் நுழைவார், அதற்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு கிடையாது. சாவி அச்சடித்த அட்டையைத் தேடினால், பில் மட்டும் கிடைத்தது, அட்டை இல்லை.

பயனர்கள் பட்டியலைத் திறந்தபோது இன்னொரு பெயர் இருந்தது. "இது நம்ம பாப்பா பேருல்லா. காலேஜ் படிக்கையில புராஜெக்ட் பண்ண இதுலதான் உக்காருவா" என்றார். நிர்வாகி உரிமையோடு அவள் தன் மின்னஞ்சலில் நுழைந்திருந்தாள். அப்படி நுழைந்தபோதே உரிமம் அவள் கணக்கோடு இணைந்திருக்க வாய்ப்பு உண்டு. அவள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். போனைப் போட்டோம். கடவுச்சொல்லை அவளே வீடியோ அழைப்பில் சொல்லிச் சொல்லி அண்ணாச்சி அடித்தார். கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணையும் படித்தாள். பட்டியலில் இரண்டு டெஸ்க்டாப், ஒரு லேப்டாப். அபவுட் பக்கத்தில் இருந்த பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, இரண்டாவதைத் தேர்ந்து டிக் அடித்தோம்.

சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது. மூலையில் இருந்த எழுத்து உடனே போகவில்லை. கணினியை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகுதான் போனது. அண்ணாச்சி அந்த மூலையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு பாதியில் நின்ற பத்திரிகையைத் திறந்து, மாப்பிள்ளை வீட்டார் பெயரில் விட்டுப்போயிருந்த ஒற்றெழுத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.